மல்லியின் குரலுக்கு ஒரு வேகம்

ஆகஸ்ட் 1, புதன்

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து பல்லெல்லாம் மண். வகுப்பு நடக்கும் இடத்தை, அதாவது மாதா கோயில் மண்டபத்தின் பின்பாதியை, இரண்டு தரம் கூட்டியாயிற்று. மூன்றாம் தரம் கூட்டமாட்டேன். காற்றே கூட்டட்டும்.

இன்று: சவர்க்காரம் வாங்க. ஜெசியின் தாயைக் காண. டைனமோ வயரை இறுக்க. தலை முழுக (முழுகவில்லை).

மல்லியின் கன்னம் வீங்கிவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல். காலையில் வந்தவள் வழக்கம்போல் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசித் தூணைத் தொடவில்லை. அதனடியில் படுத்துக் கன்னத்தைச் சீமெந்தில் வைத்துக்கொண்டாள், குளிர்ச்சிக்கு. தாய் லெச்சுமி அக்கா பக்கத்தில் குந்தியிருந்தார். "ராத்திரி பூரா தூங்கல டீச்சர். கிட்டப் போனா கடிக்க வருது."

(மல்லியை இனி ம. என்றே எழுதுவேன். பேனையில் மை குறைவு. உயிலங்குளத்தில் இப்போது பேனையும் அருமை.)

ம.வுக்கு ஒன்பது வயது. போன வருடம் கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் ஒரு துண்டில் 'ஓட்டிசம்' என்று எழுதிக் கொடுத்தார். லெச்சுமி அக்கா அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். "என்னமோ ஒரு பேரு இருக்குல்ல டீச்சர், அது போதும். அதுக்கு முந்தி எல்லாரும் பேய்னு சொன்னாங்க."

பின்னேரம், மருந்து தரும் அப்போதிக்கரி ஐயாவிடம் கூட்டிப்போனோம். தூரத்தில் நின்று பார்த்தார், கிட்ட வர ம. விடவில்லை. "உள்ளுக்குச் சீழ் கட்டியிட்டுது. நான் தாற குளிசை கொஞ்ச நாளைக்குத்தான் பிடிக்கும். மன்னாருக்குக் கொண்டுபோய்க் கழட்டுங்கோ. கழுத்துக்கு இறங்கினால் பிறகு என்னட்டை வராதையுங்கோ."

மன்னார் என்றால் வழியில் ஆமி பொயின்ற், சோதனைச் சாவடி. நானும் லெச்சுமி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கிற்று. வெயில் வெள்ளைத் துணி விரித்ததுபோல. குளத்தில் தண்ணீர் நடுவில் மட்டும்.

ஆனி மாதம் நடந்ததை எழுதாமல் விட்டிருந்தேன். இன்று எழுதுகிறேன், வேறு எதையும் நினைக்க முடியாமல் இருப்பதால். ம.வைக் காது பரிசோதிக்க மன்னாருக்குக் கூட்டிப்போனோம். பொயின்றில் பெண்களைச் சோதிக்கும் கிடுகு மறைப்புக்குள் ஓர் ஆமிப்பிள்ளை ம.வின் தோளில் கை வைத்தாள். அவ்வளவுதான். ம. கத்திக்கொண்டு ஓடினாள், அதுவும் முட்கம்பி வேலிப் பக்கம். வேலிக்கு அப்பால் கண்ணிவெடி. துவக்குகள் எல்லாம் நிமிர்ந்தன. லெச்சுமி அக்கா பாய்ந்து விழுந்து பிள்ளையின் மேலேயே படுத்துவிட்டார். இருவரையும் தூக்கி நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியெல்லாம் ம. "வேணாம் முடியாது வேணாம் முடியாது" என்று ஒரே சீராக.

அந்த 'முடியாது' வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. குளிக்க முடியாது. சாப்பிட முடியாது. தூணைத் தொடக்கூட முடியாது.

அதற்குப் பிறகுதான் கன்னியர் மடத்து சிஸ்டர், குரல் பிடிக்கும் பழைய ரேப் றெக்கோடர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தா. "பிள்ளையள் செய்து முடிச்ச நல்ல விசயத்தை அவையின்ரை வாயாலையே சொல்ல வைச்சுப் பிடியுங்கோ. பயம் வரேக்கை போட்டுக் காட்டுங்கோ. நாங்கள் சொன்னால் நம்பாயினம், தங்கடை குரல் சொன்னால் நம்புவினம்." நல்ல யோசனை. ஆனால் பற்றறி எங்கே? இந்தப் பக்கம் பற்றறி வரவே ஆமி விடுகிறதில்லை. ஆகவே சைக்கிள். தலைகீழாக நிறுத்தி, டைனமோவை டயரில் சாய்த்து, றேடியோ திருத்துபவர் பூட்டித் தந்த வயரை மெசினில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது. லெச்சுமி அக்கா சுற்றுவார், நான் சிவப்புப் பொத்தானை அமத்துவேன்.

வகுப்பின் இன்னொரு பிள்ளை ஜெசியின் ரேப்பில் முழுக்க பஸ் பெயர்கள். அவளுக்கு அதுதான் நல்ல நினைவு. நான் ஆர் மறுக்க?

ம.வின் ரேப்பில் இருப்பவை, வரிசையாக:

குளத்துக்குள் இறங்கியது. தண்ணீர் முழங்கால் வரை.

டீச்சருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. சிந்தவில்லை. (சிந்தியது. என் மடியில்தான். சொல்லவில்லை.)

அம்மா தலைமயிர் வெட்டியது.

மூன்றாவதுதான் பெரியது. ம.வின் தலையை யாரும் தொட முடியாது, கத்திரிக்கோல் என்றால் கொலை. அன்று எப்படியோ இருந்தாள். அன்றைக்கே பிடித்துவிட்டேன். "அம்மா முடி வெட்டுச்சு. கத்திரிக்கோலு கிட்ட வந்துச்சு. காதுகிட்ட வந்துச்சு. மல்லி ஓடல. முடிஞ்சிருச்சு." அந்தக் கடைசிச் சொல்லை மெதுவாக, ஒரு தட்டைத் தரையில் வைப்பதுபோல் வைப்பாள். இப்போது ஒவ்வொரு நாளும் அதைக் கேட்ட பிறகுதான் குளிப்பு. 'முடியாது' குறைந்துகொண்டு வந்தது. அதற்குள் இந்தப் பல்.

அந்த ரேப்போடு பொயின்றுக்குப் போகலாம். இன்று முழுக்க அதே நினைப்பு. சோறு அடிப்பிடித்தது.

ஆகஸ்ட் 3, வெள்ளி

மன்னாருக்குப் போகப் பாஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆம்பிளைகளுக்கு இயக்கப் பெடியள் பாஸ் கொடுக்க மாட்டார்கள், ஆகவே ம.வின் தகப்பன் வரமுடியாது. அவர் வயலில் நின்றபடியே கும்பிட்டார். என்னைக் கும்பிட்டு என்ன பயன் மனிசா!

பின்னேரம் பெரிய சந்தோசம், பிறகு பெரிய துக்கம். முதலில் சந்தோசம். மன்னாருக்குப் போய்த் திரும்பிய எங்கள் பாதர், வெதுப்பகத்தில் வாங்கிய ஒரு றாத்தல் பாணை என்னிடம் நீட்டினார். "பாத்துப் பிய்யுங்கோ பிள்ளை." உள்ளே நாலு பற்றறி! புத்தம் புதிது. குரு வேலைக்கு இதுவும் அடக்கம்போல. பாணையும் விடவில்லை, பற்றறிப் பள்ளம் நாலோடும் சாப்பிட்டோம்.

இனிச் சைக்கிள் வேண்டாம், மெசினை மடியில் வைத்துக்கொண்டு பொயின்றில் போட்டுக் காட்டலாம் என்று துள்ளிக்கொண்டு பற்றறியைப் போட்டு, ம.வை இருத்தி, பொத்தானை அமத்தினேன்.

ஐயோ. அணில் கத்துகிறது. கிறீச் கிறீச் என்று, கால்வாசி நேரத்தில் குளம், தேத்தண்ணி, கத்திரிக்கோல் எல்லாம் ஓடி முடிந்துவிட்டன.

ம. காதைப் பொத்தினாள். "அது மல்லியில்ல." நான் திரும்பவும் போட்டேன், விசரி நான். "அது மல்லியில்ல! அது மல்லியில்ல!" மெசினைத் தட்டிவிட்டாள். மூடி உடைந்தது. பிறகு சுவரில் வீங்கிய கன்னத்தை அடித்துக்கொள்ளத் தொடங்கினாள். லெச்சுமி அக்கா சுவருக்கும் கன்னத்துக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குரலைத் திருடிக் கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றிற்று. அழுதேன். மூக்குச் சிந்தின சத்தம் மண்டபம் முழுக்க.

ஆகஸ்ட் 4, சனி

வெயில். புழுதி. காகம் ஒன்று யன்னலில் நின்று என்னையே பார்த்தது. பார்க்கட்டும்.

காலையில் புது ரேப்பில், பற்றறியிலேயே புதிதாகப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். "மல்லி, முடி வெட்டின கதையைச் சொல்லுங்கோ." "சொல்லியாச்சு." "இன்னொருக்கால், செல்லம்." "சொல்லியாச்சு." சரிதானே. நடந்தது ஒருமுறை, சொன்னது ஒருமுறை.

பிறகு நானும் லெச்சுமி அக்காவும் சும்மா இருக்கமாட்டாமல் சைக்கிளைத் தலைகீழாக்கி மெசின் உடைந்துவிட்டதா என்று பார்த்தோம். அவர் சுற்றினார். மூடியைக் கையால் பிடித்துக்கொண்டு நான் பொத்தானை அமத்தினேன். ம.வின் குரல்! பழைய குரலே. முற்றத்தில் மண்ணளைந்துகொண்டிருந்தவள் தலை நிமிர்த்தினாள்.

அப்போதுதான் மண்டைக்குள் ஏறிற்று. டைனமோவில் மெசின் மெதுவாகத்தான் ஓடும். மெதுவாக ஓடியபோது பிடித்த குரல், பற்றறியில் வேகமாக ஓடினால் அணில்தான் ஆகும். லெச்சுமி அக்காவின் கை சுற்றின வேகத்திலேதான் ம.வின் குரல் அந்த ரேப்புக்குள் இருக்கிறது. நான் சுற்றிப் பார்த்தேன். முதலில் மாடு, பிறகு அணில், பிறகு மாடு. ம. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லெச்சுமி அக்காவுக்குச் சிரிப்பு. "தோட்டத்துல கொழுந்து எடுத்த கை டீச்சர் இது. கங்காணி கத்துனாலும் கூடாது, கத்தலைன்னாலும் கொறயாது." எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு தேயிலை மலையிலிருந்து இங்கே வந்தவர். கொழுந்தை விட்டு எத்தனை காலம், கை இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஆக, சைக்கிளும் வரவேண்டும். ஆமி பொயின்றுக்கு. தலைகீழாக நிற்க.

பற்றறிகளைப் பாதரிடம் திருப்பிக் கொடுத்தேன். "அப்ப நான் பாணுக்குள்ளை ஒளிச்சது என்னத்துக்கு?" என்றார்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

பூசையில் தூங்கிவிட்டேன். பாதர் பார்த்திருப்பார். பற்றறிக் கோபமும் இருக்கும்.

கனவில் தோட்டவெளி, மன்னார்த் தீவில் எங்கள் ஊர். எங்கள் வளவு. ஆனால் வீட்டைச் சுற்றிக் கடல் முழங்காலளவு, கழுதைகள் தண்ணீருக்குள் நின்று வைக்கோல் தின்றுகொண்டு. அம்மா வாசலில் நின்று கை காட்டுகிறா. வாய் அசைகிறது, குரல் மட்டும் மெதுவாக, மெதுவாக, யாரோ பெடலைச் சுற்ற மறந்ததுபோல் நின்றே போயிற்று. எழுந்தபோது காணிக்கைத் தட்டு என் முன்னால்.

இங்கிருந்து பார்த்தால் தோட்டவெளி ஒன்றும் தூரமில்லை. போய் ஒரு வருடத்துக்கு மேல்.

பாஸ் கிடைத்துவிட்டது. நாளை. ம.வுக்குக் காய்ச்சல். வீக்கம் தாடைக்குக் கீழே வந்திருக்கிறது. குளிசை முடிந்துவிட்டது. பின்னேரம் லெச்சுமி அக்கா குளக்கரையில் என் பக்கத்தில் வந்து இருந்தார். தண்ணீரில் நாரைகள் நின்றன, நிழலோடு நிழலாக. "திரும்பவும் ஓடிட்டா டீச்சர்?" என்றார்.

"ஓடமாட்டாள்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாத குரலில்.

"சுட்டுருவாங்களா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நாரைகள் அசையவே இல்லை.

ஆகஸ்ட் 6, திங்கள். மன்னார், சிஸ்டர்மார் வீடு

எழுத்துக் கோணலாகத்தான் வருகிறது. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை. பெடியளின் காவலரண் கடந்தாயிற்று, பிரச்சினை இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத தார் ரோட்டு. வெயிலில் ரோட்டு உருகி, முன்னால் போகிறவர்களின் கால் தெரியவில்லை, இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து போகிறார்கள். நான் சைக்கிளை உருட்டினேன், கரியரில் மெசின். ம. தாயின் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு. பறவைச் சத்தம்கூட இல்லை. நித்திரையில் நடப்பதுபோல்தான் இருந்தது.

ஆமி பொயின்றில் விழித்தேன். கரியரில் மெசினிலிருந்து இரண்டு வயர் தொங்கிக்கொண்டு. மாதாவே! வேகம், வேகம் என்று அதையே நினைத்தேனே தவிர, வயர் தொங்கும் பெட்டி ஒன்றை அவர்கள் கண்ணால் ஒருமுறை பார்த்தேனா? ஒருவன் கத்தினான். வரிசையில் நின்ற சனம் நிலத்தில் குந்திற்று. துவக்குகள்.

"சேர், ரேப்! ரேப் றெக்கோடர்! பிள்ளைக்கு!" என் குரலும் அணில்தான்.

மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்து பெரியவன் ஒருவன். அரைகுறைத் தமிழ். "அது ஓட விடு. நீ மட்டும். மத்த ஆள் எல்லாம் பின்னுக்கு."

சைக்கிளைத் தலைகீழாக்கினேன். வயரைக் கொடுத்தேன். சுற்றினேன். இந்தக் கை எப்படிச் சுற்றும்? மாடு. அணில். மாடு. லெச்சுமி அக்கா எழும்பப் பார்த்தார், "இரு! இரு!" என்று ஒரு சிப்பாய் துவக்கால் காட்டினான். நான் இன்னும் பலமாகச் சுற்ற, குரல் இன்னும் கோணிற்று.

ம. எழும்பினாள்.

நான் "ஓடாதை!" என்று கத்தினேன். லெச்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ம. வேலிப் பக்கம் போகவில்லை. நேரே என்னிடம் நடந்து வந்தாள், முகத்தில் பயங்கரக் கோபம். என் கையைப் பெடலிலிருந்து தட்டிவிட்டாள். குந்தினாள். தானே சுற்றினாள்.

முதலில் முனகல். பிறகு கொஞ்சம் ஏற்றினாள். கூடிவிட்டது, குறைத்தாள். தலையைச் சரித்துக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். கை ஓரிடத்தில் நிலைத்தது.

"... கத்திரிக்கோலு கிட்ட வந்துச்சு. காதுகிட்ட வந்துச்சு. மல்லி ஓடல. முடிஞ்சிருச்சு."

"அது மல்லி" என்றாள். என்னைப் பார்த்தல்ல, சில்லைப் பார்த்து.

பெரியவன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். கிடுகு மறைப்பிலிருந்து ஆமிப்பிள்ளை வந்தாள், ஒற்றைப் பின்னல், ஆனி மாதம் பார்த்தவள்தானோ தெரியாது. நடந்ததெல்லாம் பார்த்திருக்கிறாள். ம.வுக்கு முன்னால் குந்தினாள். தொடவில்லை. முதலில் தன் தோளைத் தானே தொட்டுக் காட்டினாள், பிறகு ம.வின் தோளைச் சுட்டிக் காட்டினாள். காத்திருந்தாள். ம. பெடலை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள், ரேப் முடிந்து வெறும் இரைச்சல். ஆமிப்பிள்ளை ம.வின் தோளைத் தொட்டாள். முதுகு. இடுப்பு. கையை எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சு" என்றாள் ம.

"முடின்சிருச்சி" என்றாள் அவளும்.

லெச்சுமி அக்கா ரோட்டிலேயே இருந்து வாய்விட்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை.

மெசினையும் சைக்கிளையும் உள்ளே விடமாட்டோம், திரும்பும்போது எடு என்று துண்டு தந்தார்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் தள்ளாடிச் சந்தி தாண்டி, தீவுக்குப் போகும் பாலம் ஏறும்போதுதான் உறைத்தது. நாளை ஆஸ்பத்திரியில் ம.வுக்குப் போட்டுக் காட்ட ஒன்றுமே இல்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் பாலாய்க் கிடந்தது, தீவு அதில் மிதந்தது. ஒரு வருடமாக இதைத்தான் கனவு கண்டேன், பார்த்துக்கொண்டே ஒன்றையும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

காற்றில்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் கழுதை.

பல் டொக்டர் இளம்பெடியன். ம.வைக் கண்டதும் "பிடிக்க ரெண்டு பேர் வரச் சொல்லவோ?" என்றார். பிடித்தால் கெட்டது கதை. "இல்லை டொக்டர், கொஞ்சம் பொறுங்கோ" என்றேன், எதற்குப் பொறுக்க என்று எனக்கே தெரியாமல்.

ம. அறை வாசலில் நின்றாள். கதிரையைப் பார்த்தாள். சாமான் தட்டைப் பார்த்தாள். "வேணாம் முடியாது" தொடங்கிற்று. லெச்சுமி அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் பிளக் இருக்கிறது, முழுத் தீவுக்கும் கரண்ட் இருக்கிறது, நமக்கு மெசின் இல்லை.

அப்போது ம.வின் வலது கை எழும்பிற்று. வெறும் காற்றில், பெடலைப் பிடிப்பதுபோல் பிடித்து, சுற்றத் தொடங்கினாள். முதலில் வேகம். தலையைச் சரித்தாள். குறைத்தாள். அந்த வேகம் வந்ததும் வாய் திறந்தது, ரேப்பில் வருவதுபோலவே, இழுத்து, கனமாக: "அம்மா முடி வெட்டுச்சு. கத்திரிக்கோலு கிட்ட வந்துச்சு." சுற்றிக்கொண்டே நடந்தாள். சுற்றிக்கொண்டே கதிரையில் ஏறினாள்.

"என்ன செய்யிறா?" என்றார் டொக்டர்.

"கரண்டு எடுக்குது சார்" என்றார் லெச்சுமி அக்கா. "நிப்பாட்டச் சொல்லாதீங்க."

டொக்டர் நல்ல மனிசன். கை வந்து முட்டாத பக்கமாக நின்றுகொண்டார். ஊசி. ம.வின் கண்ணிலிருந்து நீர் ஓடிற்று, கத்தினாள், கை நிற்கவில்லை. "முடிஞ்சிருச்சு?" என்றாள். "இன்னும் இல்லை அம்மா" என்றார் டொக்டர். "இன்னும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிச் சுற்றினாள். நானும் என் மடிக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கண்டேன். அழுகிற பிள்ளையைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்டது இதுதான் முதல்.

பல் தட்டில் விழுந்த சத்தம் அவளுக்கும் கேட்டது. கை நின்றது.

தோட்டவெளிக்குப் போகவில்லை. பாஸ் இன்றோடு சரி. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பின்னேரம் திரும்பினோம். பொயின்றில் அதே பின்னல்காரிதான் நின்றாள். எங்களைக் கண்டதும் தமிழில் கேட்கத் தெரியாமல் கையை உயர்த்திக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, புருவத்தைத் தூக்கினாள். ம. அவளுக்குக் கிட்டப் போய் வாயை அகலத் திறந்து ஓட்டையைக் காட்டினாள்.